எல்டிஓ இணைப்பின்போது மட்டும் பிழைத்திருத்தத் தகவல் உருவாக்கத்தில் கம்பைலர் கிராஷ் ஆகிறது: காரணத்தை எங்கே தேடுவது?

நிரலோடி (கேள்வி)

வணக்கம். எல்எல்விஎம் (கம்பைலர்களைக் கட்டுவதற்கான தொகுப்பு) மீது நானே எழுதிய ஒரு சிறிய பாஸை, அதாவது கம்பைலருக்குள் நிரலை அலசி மாற்றும் ஒரு படியை, சில மாதங்களாகச் சிக்கலின்றிப் பயன்படுத்தி வருகிறேன். ஒவ்வொரு செயற்கூறின் நுழைவிலும் ஒரு ஹூக் அழைப்பைச் செருகுவது மட்டுமே அதன் வேலை. எந்தச் செயற்கூறு எத்தனை முறை அழைக்கப்படுகிறது என்று எண்ணுவதற்காக அதை வைத்திருக்கிறேன். ஹூக்கின் உடல் தனியாக ஒரு சி கோப்பில் இருக்கிறது. ஓர் எண்ணியைக் கூட்டும் நான்கைந்து வரிகளுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. பாஸ் ஓடுவது கம்பைல் நேரத்தில், உகப்பாக்க வரிசையின் கடைசியில்.

சென்ற வாரம் இணைப்புநேர உகப்பாக்கத்தை, அதாவது எல்டிஓவை, முதன்முறையாக இயக்கினேன். அன்றிலிருந்து இணைப்புக் கட்டம் செக்மென்டேஷன் ஃபால்ட்டுடன் விழுந்துவிடுகிறது. பிழைச்செய்தி என்று ஒரு வரிகூட வருவதில்லை. ஸ்டாக் ட்ரேஸ் மட்டும் ட்வார்ஃப் (பிழைத்திருத்தத் தகவலின் வடிவம்) உருவாக்கும் பகுதிக்குள், ஒரு செயற்கூறின் ஸ்கோப்புகளுக்கு (பெயர்கள் செல்லுபடியாகும் பகுதிகளுக்கு) உள்ளீடுகளைக் கட்டும் இடத்தில் முடிகிறது. பயன்படுத்துவது எல்எல்விஎம் 17, லினக்ஸ் விநியோகத்தோடு வந்த ரிலீஸ் கட்டமைப்பு. லிங்கர் கோல்டு, அதற்கான எல்எல்விஎம் ப்ளக்-இன்னுடன்.

நான் இதுவரை கவனித்தவற்றை அப்படியே தருகிறேன். எல்டிஓவை அணைத்தால் எந்த உகப்பாக்க நிலையிலும் சிக்கல் இல்லை. எல்டிஓவை வைத்துக்கொண்டு, பிழைத்திருத்தத் தகவலைச் சேர்க்கும் ‘ஜி’ தெரிவை எல்லாக் கோப்புகளிலிருந்தும் எடுத்துவிட்டாலும் சிக்கல் இல்லை. ஆனால் வரி அட்டவணை மட்டும் போதும் என்று குறைத்துப் பார்த்தபோது கிராஷ் அப்படியே இருந்தது. ஹூக் இருக்கும் அந்த ஒரே கோப்பை மட்டும் ‘ஜி’ இல்லாமல் கம்பைல் செய்தாலும் எல்லாம் சரியாகிவிடுகிறது. எனவே அந்தக் கோப்பின் பிழைத்திருத்தத் தகவல்தான் பழுது என்று நினைத்து, அதன் ஆப்ஜெக்ட் கோப்பை வரிவரியாகக் கொட்டிப் பார்த்தேன்; தவறாக எதுவும் கண்ணில் படவில்லை.

என்னைக் குழப்புவது வேறொன்று. இடைநிலைக் கோப்புகளைச் சேமிக்கும் ‘சேவ்-டெம்ப்ஸ்’ தெரிவைக் கொடுத்து, குறியீடு உருவாக்கத்துக்கு முந்தைய பிட்கோடை (எல்எல்விஎம்மின் இடைநிலை நிரலைச் சேமித்த கோப்பு) எடுத்து, அதை இயந்திரக் குறியீடாக்கும் ‘எல்எல்சி’ கருவியிடம் தனியாகக் கொடுத்தால், அது ஒரு எச்சரிக்கையை மட்டும் தந்துவிட்டு நல்லபடியாக முடித்துவிடுகிறது. அதே பிட்கோட், அதே குறியீடு உருவாக்கி. லிங்கருக்குள் மட்டும் விழுகிறது. அப்படியானால் பிழை லிங்கரிலா?

இன்னொன்று: கோப்புகளைப் பாதி பாதியாக விலக்கிப் பார்த்ததில், 40 செயற்கூறுகள் கொண்ட ஒரு கோப்பில் 3 மட்டுமே இந்தக் கிராஷைத் தூண்டுகின்றன என்று தெரிந்தது. அந்த மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

---

பிட்தச்சன்

லிங்கரை விட்டுவிடுங்கள். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது, ‘ஒரு எச்சரிக்கையை மட்டும் தந்துவிட்டு’ என்று நீங்கள் கடந்துபோன அந்த இடத்தில். அந்த எச்சரிக்கை, செல்லாத பிழைத்திருத்தத் தகவலைப் புறக்கணிப்பதாகச் சொல்லியிருக்கும், சரிதானே?

எல்எல்விஎம் கருவிகள் ஒரு பிட்கோட் கோப்பை வட்டிலிருந்து ஏற்றும்போதே வெரிஃபையரை, அதாவது நிரல் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் பகுதியை, ஒரு முறை ஓட்டிவிடுகின்றன. நிரலின் கட்டமைப்பே உடைந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடும். பிழைத்திருத்தத் தகவல் மட்டும் உடைந்திருந்தால், ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டு, அந்த மாட்யூலின் (நிரல் அலகின்) பிழைத்திருத்தத் தகவல் முழுவதையும் உரித்து எறிந்துவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு மேலே போகும். ஆகவே நீங்கள் ‘எல்எல்சி’க்குக் கொடுத்த கோப்பும் அது உண்மையில் மொழிபெயர்த்த நிரலும் ஒன்றல்ல, கிராஷுக்குக் காரணமான பொருளைக் கருவியே வாசலில் கழற்றி வைத்துவிட்டது. லிங்கருக்குள் நிலைமை வேறு. அங்கே தனித்தனி மாட்யூல்கள் ஏற்றப்படும்போது ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருக்கின்றன. நினைவகத்தில் அவை ஒன்றாக்கப்பட்ட பிறகே பழுது பிறக்கிறது என்று ஊகிக்கிறேன். அதன்பிறகு கோப்பாக மறுபடி ஏற்றுவது கிடையாது என்பதால் உரிக்கும் வேலையும் நடப்பதில்லை.

ஒன்றாக்கிய மாட்யூலின் மீது எல்டிஓ வரிசை தன் பங்குக்கு ஒரு முறை வெரிஃபையரை ஓட்டக்கூடியதுதான். ஆனால் கோல்டுக்கான ப்ளக்-இன், அசெர்ஷன்கள் (கம்பைலரின் உட்சோதனைகள்) இல்லாத கட்டமைப்பில் அதை இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறது. உங்களுக்கு ஒரு வரிச் செய்திகூட வராமல் நேராக செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தது அதனால்தான். எல்எல்டி லிங்கரில் நாமாக அணைத்தால் ஒழிய அந்தச் சரிபார்ப்பு நடக்கும். அதைக் கொண்டு இணைத்தாலே உங்களுக்கு வாசிக்கத்தக்க ஒரு செய்தி கிடைத்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். சேவ்-டெம்ப்ஸ் உங்களுக்கு ஒரு கோப்போடு நிற்காமல், எண்ணிட்ட பல கோப்புகளைத் தந்திருக்கும்: 0 என்ற எண்ணுடன் ‘ப்ரீ-ஆப்ட்’, 2 உடன் ‘இன்டர்னலைஸ்’, 4 உடன் ‘ஆப்ட்’, 5 உடன் ‘ப்ரீ-கோட்ஜென்’. ஒவ்வொன்றையும், பாஸ்களைத் தனியாக ஓட்டும் ‘ஆப்ட்’ கருவியிடம் கொடுத்து வெரிஃபை மட்டும் செய்யச் சொல்லுங்கள். எச்சரிக்கை வரியை மட்டும் பார்க்காமல், அதற்கு மேலே பிழை வெளியீட்டில் என்ன அச்சாகிறது என்பதை முழுமையாக இங்கே தாருங்கள். எந்த எண்ணில் புகார் தொடங்குகிறது என்பது முக்கியம்.

‘எல்எல்சி’யிலேயே அந்தக் கிராஷை மறுபடி காண வேண்டுமானால், பிழைத்திருத்தத் தகவலின் தானியங்கி மேம்படுத்தலை அணைக்கும் தெரிவையும் வெரிஃபையரை அணைக்கும் தெரிவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். முதலாவதை மட்டும் கொடுத்தால் வெரிஃபையர் குறுக்கே நின்று நிறுத்திவிடும். முடிந்தால் அசெர்ஷன்களை இயக்கிய ஒரு கட்டமைப்பையும் தயார் செய்துகொள்ளுங்கள். பாஸ் எழுதுகிறவர் ரிலீஸ் கட்டமைப்பில் மட்டும் சோதிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தைப்பதற்குச் சமம்.

---

கல்வெட்டு

எனக்கும் ஏறத்தாழ இதே நிலை வந்தது. ஹூக் செயற்கூறின் மீது ‘நோ-இன்லைன்’ பண்பை (அழைப்பின் இடத்தில் உடலைப் பதிக்காதே என்று சொல்வது) இட்டேன், கிராஷ் நின்றுவிட்டது. அவசரம் என்றால் முதலில் அதைச் செய்து பாருங்கள்.

---

நிரலோடி

இருவருக்கும் நன்றி. முடிவுகள் இவை.

எல்லாக் கோப்புகளிலும் புகார் இருக்கிறது. 0 எண்ணிட்டதிலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் செய்தி இடையில் மாறுகிறது. 0, 2 ஆகிய இரண்டிலும், பிழைத்திருத்தத் தகவல் உள்ள செயற்கூறுக்குள் இருக்கும் இன்லைன் செய்யத்தக்க அழைப்புக்கு ‘டிபிஜி’ இடக்குறிப்பு (மூல நிரலில் எந்த வரி என்ற குறிப்பு) இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லி, அதன் கீழே என் ஹூக் அழைப்பையே எடுத்துக் காட்டுகிறது. 4, 5 ஆகியவற்றிலோ, ஒரு கட்டளையின் ‘டிபிஜி’ இணைப்பு அந்தச் செயற்கூறுக்குரியதல்லாத வேறொரு சப்புரோகிராமை, அதாவது ஒரு செயற்கூறின் பிழைத்திருத்தப் பதிவை, சுட்டுகிறது என்று வருகிறது. மேலே இந்த வரிகளெல்லாம் முன்பே வந்திருக்கின்றன; முனையத்தின் கடைசி வரியை மட்டும் வாசித்த தவறு என்னுடையது.

அசெர்ஷன் கட்டமைப்பில் கிராஷ் வேறு இடத்துக்கு, முன்பைவிடச் சற்று முன்னதாக, நகர்ந்துவிட்டது. லெக்சிகல் ஸ்கோப்புகளைக் கட்டும் கோப்பில், பெற்றோர் இல்லாத ஸ்கோப் ஒன்று கிடைத்தால் அது இப்போது கையாளப்படும் செயற்கூறையே விவரிக்க வேண்டும் என்ற அசெர்ஷன் உடைகிறது.

கல்வெட்டு அவர்கள் சொன்ன ‘நோ-இன்லைன்’ வழியையும் பார்த்தேன். கிராஷ் உண்மையிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் 0 எண்ணிட்ட கோப்பில் வெரிஃபையரின் அந்த முதல் புகார் மாறாமல் அப்படியே இருக்கிறது. இது எனக்குப் புரியவில்லை: இன்லைன் செய்யக் கூடாது என்று சொன்ன பிறகும் ‘இன்லைன் செய்யத்தக்க அழைப்பு’ என்று ஏன் சொல்கிறது?

---

பிட்தச்சன்

இனி ஊகம் தேவையில்லை. கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவையெல்லாம் அதிலிருந்து அவிழ்ந்துவிடும்.

வெரிஃபையர் அந்த விதியைப் பொருத்துவதற்கு முன் பார்ப்பவை இவ்வளவுதான்: அழைக்கும் செயற்கூறுக்கு ‘டிஐ-சப்புரோகிராம்’ இருக்கிறதா, அழைக்கப்படுவது நேரடியாகத் தெரிந்த செயற்கூறா, இணைப்பின்போது வேறொன்றால் மாற்றப்படக்கூடிய வீக் வகையாக இல்லாமல் இருக்கிறதா, வெறும் அறிவிப்பாக இல்லாமல் உடலும் இருக்கிறதா, அதற்கும் ஒரு சப்புரோகிராம் இருக்கிறதா. இவை அனைத்துக்கும் ஆம் என்றால் அந்த அழைப்புக்கு இடக்குறிப்பு கட்டாயம். ‘நோ-இன்லைன்’ பண்பை அது பார்ப்பதே இல்லை. எனவே அந்தப் பண்பு இன்லைனரைத் தடுத்துக் கிராஷை மறைக்குமே தவிர, மாட்யூல் உடைந்ததாகவே இருக்கும். நாளைக்கு எல்எல்டிக்கு மாறினால், அதே நிரல் வெரிஃபையரிடம் மாட்டிக்கொண்டு இணைப்பே நின்றுவிடும்.

இப்போது அந்த நிபந்தனைகளோடு உங்கள் கவனிப்புகளைப் பொருத்திப் பாருங்கள். எல்டிஓ இல்லாதபோது, உங்கள் ஹூக்கின் உடல் வேறொரு கோப்பில் இருப்பதால், அழைக்கும் மாட்யூலில் அது வெறும் அறிவிப்பு, விதி பொருந்தாது. எல்டிஓ இரு மாட்யூல்களையும் ஒன்றாக்கியதும் அறிவிப்பின் இடத்தில் உடல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த நொடிவரை குற்றமற்றதாக இருந்த அழைப்பு, ஒரு எழுத்துகூட மாறாமல், குற்றமுள்ளதாகிவிடுகிறது. தின்-எல்டிஓவுக்கு (மாட்யூல்களை ஒன்றாக்காமல் தேவையான உடல்களை மட்டும் இறக்குமதி செய்யும் எல்டிஓ வகை) மாறினாலும் தப்பிக்க முடியாது. அங்கே ஹூக்கின் உடல் இறக்குமதி செய்யப்பட்ட நகலாக வந்து சேரும், அதுவும் உடல்தான். ஹூக்கின் கோப்பிலிருந்து ‘ஜி’யை எடுத்தால் அதற்குச் சப்புரோகிராம் இருக்காது, கடைசி நிபந்தனை விழுந்துவிடும். வரி அட்டவணை மட்டும் என்று குறைத்தாலும் சப்புரோகிராம்கள் இருக்கவே செய்யும், ஆகவே கிராஷும் இருந்தது. ஹூக்கின் கோப்பில் நீங்கள் தேடியும் எதுவும் கிடைக்காததற்குக் காரணம், அதில் உண்மையிலேயே எதுவும் இல்லை என்பதுதான்.

செய்தி இடையில் மாறியதற்கு இன்லைனர் காரணம். சாதாரணமாக இன்லைனர் ஓர் உடலைப் பிரித்து அழைப்பிடத்தில் பதிக்கும்போது, பதிக்கப்பட்ட ஒவ்வொரு கட்டளையின் இடக்குறிப்பிலும் ‘இது இன்ன வரியில் இருந்த அழைப்பின் வழியாக இங்கே வந்தது’ என்ற இணைப்பைச் சேர்க்கிறது. ட்வார்ஃபில் இன்லைன் செய்யப்பட்ட செயற்கூறுக்கான உள்ளீடும் அதன் அழைப்பு வரியும் பிறப்பது இந்த இணைப்பிலிருந்துதான். அழைப்புக்கே இடக்குறிப்பு இல்லையென்றால் இணைக்க எதுவும் இல்லை. வரிகளைத் திருத்தும் அந்தப் பகுதி எதையும் தொடாமல் முதல் வரியிலேயே திரும்பிவிடுகிறது. விளைவாக, ஹூக்கின் கட்டளைகள் தங்கள் பழைய முகவரியோடு, அதாவது ஹூக்கின் சப்புரோகிராமையே நேரடியாகச் சுட்டிக்கொண்டு, உங்கள் செயற்கூறுக்குள் அமர்ந்துவிடுகின்றன.

பிறகு குறியீடு உருவாக்கத்தின்போது லெக்சிகல் ஸ்கோப் மரம் கட்டப்படுகிறது. ‘வழியாக வந்தது’ என்ற இணைப்பு இல்லாத, பெற்றோரும் இல்லாத ஸ்கோப் என்றால், அது செயற்கூறின் சொந்த உச்ச ஸ்கோப்பாகவே இருக்க வேண்டும். அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். உங்கள் செயற்கூறிலோ அப்படிப்பட்டவை இரண்டு. அசெர்ஷன் இருந்தால் அங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டு, மரத்தின் வேர் வேறொருவருடையதாகி, அதை நம்பி உள்ளீடுகளைக் கட்டப்போகும் பகுதி எங்கோ ஒரு வெற்றுச் சுட்டியில் கால் வைக்கும். நீங்கள் முதலில் பார்த்த ஸ்டாக் ட்ரேஸ் அந்த இரண்டாவது இடம். அங்கே ஒரு வெற்றுச் சுட்டிச் சோதனையைச் சேர்த்துக் கிராஷை மூடிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். கிராஷ் நிற்கும், ஆனால் டிபக்கர் பொய் சொல்லத் தொடங்கும். பொய் சொல்லும் டிபக்கரைவிட விழுந்துபோகும் கம்பைலர் எவ்வளவோ மேல்.

மிச்சம் இருப்பது 40-இல் 3 என்ற புதிர். உங்கள் பாஸில் ஐஆர்-பில்டரை (இடைநிலை நிரலான ஐஆரில் கட்டளைகளைச் செருகும் வகுப்பு) எப்படி உருவாக்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நுழைவுத் தொகுதியின் முதல் செருகத்தக்க இடத்தைக் கொடுத்து உருவாக்குகிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். பில்டர், தனக்குக் காட்டப்பட்ட இடத்தில் இருக்கும் கட்டளையின் இடக்குறிப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். புதிதாகச் செருகுவதற்கும் அதையே இடும். பெரும்பாலான செயற்கூறுகளில் உகப்பாக்கத்துக்குப் பிறகு அந்த முதல் கட்டளை ஏதோ ஒரு கணக்கீடாகவோ அழைப்பாகவோ இருக்கும். அதற்கு இடக்குறிப்பு இருக்கும். உங்கள் ஹூக்கும் அதைப் பெற்றுக்கொள்ளும். ஆனால் செயற்கூறில் ஓர் உள்ளூர் வரிசையோ (அர்ரே), முகவரி வெளியே போகும் ஒரு ஸ்ட்ரக்டோ இருந்தால், அதற்கு ஸ்டாக்கில் இடம் ஒதுக்கும் ‘அல்லோகா’ கட்டளை உகப்பாக்கத்துக்குப் பிறகும் நுழைவின் தலையில் மிஞ்சியிருக்கும். அல்லோகாக்களுக்கு வழக்கமாக இடக்குறிப்பு கிடையாது. அந்த வெறுமையைத்தான் உங்கள் அழைப்பு பிரதியெடுத்தது. அந்த மூன்று செயற்கூறுகளையும் திறந்து, உள்ளே ஓர் உள்ளூர் பஃபர் இருக்கிறதா என்று பாருங்கள்.

திருத்தம் மிகச் சிறியது. பில்டரை உருவாக்கிய உடனே, செயற்கூறுக்குச் சப்புரோகிராம் இருந்து, பில்டரிடம் இடக்குறிப்பு இல்லாவிட்டால், அந்தச் சப்புரோகிராமையே ஸ்கோப்பாகக் கொண்ட ஓர் இடக்குறிப்பை நீங்களே உருவாக்கிக் கொடுங்கள்.

---

நிரலோடி

பந்தயத்தில் நீங்களே வென்றீர்கள். மூன்றிலும் அல்லோகா மிஞ்சியிருக்கிறது: ஒன்றில் 256 பைட் பஃபர், மற்ற இரண்டில் ஒரு ஸ்ட்ரக்டின் முகவரி வேறொரு செயற்கூறுக்கு அனுப்பப்படுகிறது. ஐஆரைத் திறந்து பார்த்தபோது, அல்லோகாவுக்குச் சற்று மேலே, எதுவும் ஒட்டாமல் மொட்டையாக நின்ற ஹூக் அழைப்பு கண்ணுக்குப் பட்டது. மற்ற 37-இலும் அதே அழைப்பின் வாலில் ‘டிபிஜி’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாளும் அது தற்செயலாக ஒட்டியிருக்கிறது என்பதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

செயற்கூறு அறிவிக்கப்பட்ட வரி எண்ணையே கொடுத்து இடக்குறிப்பை உருவாக்கினேன். வெரிஃபையர் எந்தக் கட்டத்திலும் புகார் சொல்வதில்லை, இணைப்பும் முடிகிறது. ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது: டிபக்கரில் ஒரு செயற்கூறின் பெயரைக் கொடுத்து நிறுத்துப்புள்ளி வைத்தால், அது ஹூக்கின் கோப்பைத் திறந்து, எண்ணியைக் கூட்டும் 9-ஆம் வரியில் நிற்கிறது. என் செயற்கூறின் முதல் வரிக்குப் போக ஒவ்வொரு முறையும் சில படிகள் தள்ள வேண்டியிருக்கிறது. நான் கொடுத்த வரி எண் தவறா?

---

வரிக்கணக்கர்

வரி எண்ணும் தவறுதான். ஆனால் நீங்கள் காணும் அறிகுறிக்கு அது மட்டும் காரணம் அன்று. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

கம்பைலர் தானாகச் செருகும் கட்டளைக்கு மூல நிரலில் எந்த வரியும் கிடையாது. ட்வார்ஃபின் வரி அட்டவணையில் 0 என்ற வரி எண் இதற்கென்றே இருக்கிறது: இந்தக் கட்டளையை எந்த மூல வரியோடும் சேர்க்க முடியாது என்பது அதன் பொருள். நீங்கள் செயற்கூறின் அறிவிப்பு வரியைக் கொடுத்தால், ப்ரொஃபைலர் ஹூக்கின் செலவை அந்த வரியின் கணக்கில் எழுதும். அந்த வரியை எழுதியவர், ஒன்றுமே செய்யாத தன் வரி ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று தலையைச் சொறிவார். எனவே வரி 0, நெடுவரிசை 0, ஸ்கோப்பாகச் செயற்கூறின் சப்புரோகிராம் என்று கொடுங்கள். எல்எல்விஎம்முக்குள்ளேயே உள்ள கருவிப்படுத்தும் பாஸ்களுக்கும் இதே தேவை இருப்பதால், அவற்றுக்கென்று ‘இன்ஸ்ட்ருமென்டேஷன்-ஐஆர்-பில்டர்’ என்ற ஒரு வகுப்பு இருக்கிறது. இடக்குறிப்பு இல்லாவிட்டால் வரி 0 கொண்ட ஒன்றைத் தானே இட்டுக்கொள்வதே அதன் வேலை. நீங்களாக எழுதுவதைவிட அதைப் பயன்படுத்துவது நல்லது. முதல் கட்டளையிடமிருந்து கிடைக்கும் இடக்குறிப்பை அந்த 37 செயற்கூறுகளிலும் அப்படியே விட்டுவிடாமல், எல்லாவற்றுக்கும் வரி 0 என்றே வைப்பேன். ஏனென்றால் அங்கேயும் ஹூக் யாரோ ஒருவருடைய வரியைக் கடன் வாங்கியிருக்கிறது.

நிறுத்துப்புள்ளி விஷயம் தனி. ஒரு செயற்கூறின் முன்னுரைப் பகுதி எங்கே முடிகிறது என்பதைக் குறியீடு உருவாக்கி வரி அட்டவணையில் குறித்துவைக்கிறது. பெயரைக் கொண்டு நிறுத்துப்புள்ளி வைத்தால் டிபக்கர் அங்கேதான் நிற்கப் பார்க்கும். ஸ்டாக் சட்டகத்தை அமைக்கும் கட்டளைகளைத் தாண்டி, 0 அல்லாத வரி எண் கொண்ட முதல் கட்டளையைத் தேடி அந்த இடம் தீர்மானிக்கப்படுகிறது. உங்கள் அழைப்பு இன்லைன் ஆனதும் அழைப்பே மறைந்துவிடுகிறது. அதன் இடத்தில் ஹூக்கின் கட்டளைகள் தங்கள் சொந்த வரி எண்ணான 9-உடன் நிற்கின்றன. அழைப்புக்கு 0 கொடுத்தாலும் இது மாறாது.

இதற்கு ஹூக்கின் வரையறை மீது ‘நோ-டிபக்’ பண்பை இடுங்கள். அப்போது அதற்குச் சப்புரோகிராமே உருவாகாது, உள்ளே இருக்கும் கட்டளைகளுக்கு இடக்குறிப்பும் இருக்காது. இடக்குறிப்பில்லாத கட்டளைகளைப் பதிக்கும்போது இன்லைனர் அழைப்பின் இடக்குறிப்பையே அவற்றுக்கு வழங்கும். அழைப்பின் வரி 0 என்றால் பதிக்கப்பட்ட அனைத்தும் 0. முன்னுரை முடிவைத் தேடும் கண் அவற்றைத் தாண்டி உங்கள் முதல் உண்மையான வரியில் போய் நிற்கும். இதே பண்பை இட்டுவிட்டு அழைப்புக்கு மட்டும் அறிவிப்பு வரியை வைத்திருந்தால், நிறுத்துப்புள்ளி மறுபடியும் ஹூக்கின் கட்டளைகளிலேயே மாட்டும், அறிவிப்பு வரியின் பெயரில். ஆகவே இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

---

கல்வெட்டு

என் பழைய ‘நோ-இன்லைன்’ ஒட்டுப்போடலை இன்றே எடுத்துவிட்டேன். பிட்தச்சன் சொன்னபடியே எல்எல்டியில் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றாக்கிய மாட்யூலின் முதல் சரிபார்ப்பிலேயே நின்றது.

ஜிசிசி என்ற மற்றொரு கம்பைலரில் பாஸ் எழுதுகிறவர்கள் இந்த விளக்கத்தை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். 2018-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து, வகைகள், அறிவிப்புகள் ஆகியவற்றுக்கான ட்வார்ஃபை அது கம்பைல் நேரத்திலேயே எழுதி ஆப்ஜெக்ட் கோப்பின் தனிப் பிரிவுகளில் வைத்துவிடுகிறது; இணைப்பு நேரத்தில் உருவாகும் உள்ளீடுகள் அவற்றைச் சுட்டிக்காட்டுகின்றன. அங்கே வரும் கிராஷ்களின் குடும்பமே வேறு.

---

நிரலோடி

வரி 0, நோ-டிபக் இரண்டையும் செய்துவிட்டேன். நிறுத்துப்புள்ளி இப்போது செயற்கூறின் முதல் வரியிலேயே நிற்கிறது. கோல்டு, எல்எல்டி இரண்டிலும், முழு எல்டிஓவிலும் தின்-எல்டிஓவிலும் இணைப்பு முடிகிறது.

கடைசியாக ஒரு சோதனையைச் சேர்க்க நினைக்கிறேன். இரண்டு கோப்புகளைத் தனித்தனியாகக் கம்பைல் செய்து, இணைத்து, கிடைத்த பிட்கோடை ‘ஆப்ட்’ கருவியிடம் வெரிஃபை செய்யக் கொடுப்பதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆனால் திருத்தத்தை நீக்கிவிட்டு, ஹூக்கிலிருந்து நோ-டிபக்கையும் எடுத்துவிட்டு, பழைய எல்டிஓ பிட்கோடை அதே படியில் கொடுத்துப் பார்த்தாலும் வெளியேறும் குறியீடு 0 என்றே வருகிறது. அதாவது சோதனை தோற்க மறுக்கிறது.

---

பிட்தச்சன்

முதல் நாள் உங்களை ஏமாற்றிய அதே உரித்தல்தான் இப்போது உங்கள் சோதனையையும் ஏமாற்றுகிறது. பிட்கோடைக் கோப்பிலிருந்து ஏற்றிய உடனே பழுதான தகவல் கழற்றப்பட்டுவிடுவதால், பின்னால் வரும் வெரிஃபைக்குப் புகார் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை.

இணைப்பே வேண்டாம். ஒரே ஐஆர் கோப்பில், சப்புரோகிராமுடன் கூடிய ஹூக்கின் உடலையும், அல்லோகாவில் தொடங்கும், சப்புரோகிராமுள்ள ஒரு செயற்கூறையும் எழுதுங்கள். அந்த அல்லோகாவுக்கு ‘டிபிஜி’ போடாதீர்கள். ஹூக்கை அங்கே அழைக்கவும் வேண்டாம், அதைச் செருகுவது உங்கள் பாஸின் வேலை. ஏற்றும்போது கோப்பு முழுக்கச் சரியாக இருக்கும், உரிப்பதற்கு எதுவும் இருக்காது. பிறகு ஒரே ‘ஆப்ட்’ கட்டளையில், பாஸ் வரிசையாக முதலில் உங்கள் பாஸையும் அடுத்து வெரிஃபையையும் கொடுங்கள். நினைவகத்தில் ஓடும் அந்த வெரிஃபை, பிழைத்திருத்தத் தகவல் உடைந்திருந்தாலும் மன்னிக்காமல் நிறுத்திவிடும். திருத்தம் இல்லாமல் அது தோற்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுச் சேருங்கள்.

---

நிரலோடி

தோற்றது. திருத்தத்தோடு ஓட்டினேன், வென்றது. இரண்டு செயற்கூறுகள், 30 வரிக்கும் குறைவான ஐஆர். பாஸோடு சேர்த்துவிட்டேன்.